டேப்லெட்டில் முடித்த பாட்டை ஆடியோ ஃபைலாக்குவது

நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா எழுதும் நோட்ஸ் தாளைக் காதில் வைத்தால் பாட்டு கேட்குமா? வாசித்துப் பதிவு செய்தால்தான் கேட்கும். டேப்லெட்டில் இருக்கும் புராஜெக்டும் அப்படித்தான். அந்த ஆப் இல்லாதவர் போனில் ஓடாது.

ஐபேட் காரேஜ்பேண்டில் 'மை சாங்ஸ்' பக்கத்தில் பாட்டை அழுத்திப் பிடித்து 'ஷேர்', பிறகு 'சாங்' தொடுங்கள். எந்தத் தரம் என்று கேட்கும். கவனம் இங்கேதான் வேணும். 16 பிட் வேவ் என்றால் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், அதுவும் இரண்டு சேனலுக்கு. நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். 256 கிலோபிட் ஏ.ஏ.சி.யில் 2 எம்.பி.கூட வராது, அனுப்பச் சுலபம். ஆனால் அதில் கழித்துவிட்ட ஒலி திரும்ப வராது. முதலில் வேவ் எடுத்து வையுங்கள், சின்ன ஃபைலை அதிலிருந்து பிறகு செய்துகொள்ளலாம். புராஜெக்டையும் அழித்துவிடாதீர்கள். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் 'தபேலாவை மட்டும் கொஞ்சம் குறைப்பா' என்பார்கள். அது புராஜெக்டில்தான் முடியும்.