வாக்கர் பிடித்த கைக்கு வாட்ச் எதற்கு?

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மாமியார் வீட்டுக்கு வந்த வாரம், வெளியூரில் இருக்கும் கொழுந்தனார் ஒரு ஃபிட்னஸ் வாட்ச் வாங்கி அனுப்பினார். மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நாலு நடை நடந்துவிட்டு வந்து பார்த்தால், வாட்சில் 14 அடி! "ஏம்மா, நான் நடக்கவே இல்லைங்குதே இது?" என்றார். அதை வழிக்குக் கொண்டுவர நாங்கள் கற்றுக்கொண்டவை இவை. எத்தனை நடக்கலாம், எந்தப் பயிற்சி செய்யலாம் என்பதை மட்டும் உங்கள் டாக்டரும் பிசியோவும்தான் சொல்ல வேண்டும்.

1. வாட்ச் காலைப் பார்ப்பதில்லை, கை அசைவைத்தான் பார்க்கிறது. இரண்டு கையும் வாக்கரைப் பிடித்திருந்தால் மணிக்கட்டு வீசாது, அடிகள் கணக்கில் விட்டுப்போகும். வாக்கர் நாட்களில் வாட்சைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். நைட்டியில் பாக்கெட் இருந்தால் இன்னும் சுலபம். சிலர் கணுக்காலில் கட்டச் சொல்வார்கள். வீக்கம் இருக்கும் காலில் எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள்.

2. வாய்விட்டு எண்ணிக்கொண்டே 50 அடி நடக்கச் சொல்லி, வாட்ச் எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். மெதுவாக நடந்தாலும் குறைத்துத்தான் காட்டும். தினமும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறதென்றால் கவலையில்லை. நேற்றைய நடையோடு இன்றைய நடையை ஒப்பிடத்தானே இந்தக் கணக்கு?

3. வாட்ச் ரொம்பவே சொதப்பினால், குனியாமல் கைக்கு எட்டும் உயரத்தில் மேஜைமேல் இரண்டு கிண்ணம் வையுங்கள். ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை. கூடத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்கு மாறும். இதற்கு சார்ஜும் போட வேண்டாம்.

4. வாட்சைக் கட்டியதும் முதல் வேலையாக, அதில் இருக்கும் தினசரி இலக்கைக் குறையுங்கள். பல வாட்சுகளில் 10,000 அடி என்று இருக்கும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போகெய்' என்ற அடி எண்ணும் கருவியால் பிரபலமான எண் அது. அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்றுதான் அர்த்தம். விளம்பரத்துக்குப் பொருத்தமாக இருந்த எண், ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு எப்படிப் பொருந்தும்? முதல் மூன்று நாள் எவ்வளவு நடக்க முடிகிறதென்று பாருங்கள். அதைப் பிசியோவிடம் காட்டி இலக்கு வையுங்கள்.

5. இன்று நடந்தது சரியான அளவா என்பதை நாளைக் காலை முழங்கால் சொல்லும். சாயங்காலம் கொஞ்சம் வீங்கி, இரவு ஓய்வில் வடிந்துவிட்டால் சரி. காலையிலும் வீக்கமும் வலியும் கூடுதலாக இருந்தால் நேற்று அதிகம் நடந்துவிட்டோம் என்று அர்த்தம். அன்றைக்கு அடிகளைக் குறையுங்கள், வாட்ச் என்ன சொன்னாலும் சரி.

6. "இன்னும் 60 அடிதான் பாக்கி" என்று வாட்ச் ஆசை காட்டும். வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கால் இலகுவாக இருக்கும், நாமும் ஏமாந்துவிடுவோம். ஒரே மூச்சில் நடக்காமல் நாளெல்லாம் சிறு சிறு நடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். போட்டி, பதக்கம், வட்டம் நிரப்புவது போன்றவற்றை செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் எண்ணைப் போடுவதையும்தான்.

7. வாட்சில் நிஜமாகவே உதவுவது, உட்கார்ந்தே இருந்தால் மணிக்கொரு முறை அதிரும் வசதி. அது அதிரும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க இது உதவும்.

8. படுத்தபடி தொடையை இறுக்குவது, குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குவது, காலை நேராகத் தூக்குவது எதையும் வாட்ச் எண்ணாது. ஆனால் மூட்டு தேறுவதே இவற்றால்தான். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள்: அடிகளும் சுற்றுகளும், செய்த பயிற்சி, பத்துக்கு எத்தனை வலி, காலையில் வீக்கம். தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து, டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போங்கள்.

9. நாடித்துடிப்பு பார்க்க, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, நழுவாதபடி கட்டுங்கள். அடியில் எரியும் பச்சை விளக்குதான் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. அந்தக் காலத்துப் பாட்டிகள் கையில் பச்சை குத்தியிருந்தால் எண் தப்பாக வரலாம், மறு கையில் கட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்ப்பதே நல்லது.

10. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாட்சையும் அதன் காந்த சார்ஜரையும் நெஞ்சிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே வைத்துக்கொள்ளட்டும். உடல் கொழுப்பை அளக்கும் வசதி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

11. கலோரிக் கணக்கு வெறும் மதிப்பீடு. அதைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்: பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று வழக்கத்தில் உள்ளதைக் கொடுங்கள்.

12. கெண்டைக்காலில் புது வலி, சூடு, சிவப்பு, திடீர் வீக்கம், தையலில் நீரோ சீழோ கசிவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்: எது வந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 108. வாட்ச் எல்லாம் சரி என்று காட்டுகிறதே என்று காத்திருக்காதீர்கள்.

13. வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, தடியை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வாட்சைத் தடி இல்லாத கையில் கட்டுங்கள். அன்றைக்கு எண் திடீரென்று எகிறும். எங்கள் வீட்டிலும் ஒரே நாளில் இரண்டு மடங்கானது. "பாத்தியா!" என்று மாமியார் பெருமையாகக் காட்டினார். காலண்டர் தாளைப் புரட்டினோம். முந்தின நாளும் அதே சுற்றுகள்தான். கை வீச ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் வலி என்ற வரியில் 6 இருந்த இடத்தில் 4 இருந்தது. பெருமைப்பட வேண்டிய எண் அதுதான்.