சாந்தினி சௌக் லேப்டாப்புக்குப் புது ஓ.எஸ்.

கொல்கத்தாவில் பழைய லேப்டாப் வேண்டும் என்றால் பேச்சு நேராக சாந்தினி சௌக்குக்குத்தான் போகும். மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே வந்ததுமே கடைகள் தொடங்கிவிடும். சந்துகளிலும் மாடிகளிலும், அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் துடைத்து அடுக்கப்பட்டிருக்கும். எதைத் திறந்தாலும் விண்டோஸ் ஓடும். அதற்கு உரிமம் உண்டா என்பது வேறு கதை. கிராக் போட்ட விண்டோஸில் பெரும்பாலும் வைரஸ் காவலைத்தான் முதலில் அணைத்திருப்பார்கள். அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது வினையை விலைக்கு வாங்குவது. அதனால் கடையில் போட்டுத் தந்ததை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

ஆனால் வேலை கடையிலேயே தொடங்குகிறது. காசு கொடுப்பதற்கு முன் பயாஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு ஆன் செய்யும்போது தட்ட வேண்டிய விசை டெல்லில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1, ஹெச்பியில் எஃப்10. கடவுச்சொல் கேட்டால் அந்தக் கருவியைக் கீழே வைத்துவிடலாம். பழைய நிறுவனம் போட்ட பூட்டை உடைப்பது வாங்குகிறவரின் வேலை இல்லை. உள்ளே போக முடிந்தால், அங்கே காட்டும் வரிசை எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அதே எண்ணைப் பில்லிலும் எழுதி வாங்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று பின்னால் யாராவது வந்தால் கையில் இருக்கும் சான்று அந்தப் பில் மட்டும்தான். "அரை மணி நேரம் ஆகும்" என்று கடைக்காரர் சொன்னால் பக்கத்திலேயே சாபிர் உணவகத்தில் ரெஸாலா கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு வந்ததும் ரேமின் அளவை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, எந்த ஓ.எஸ்.? இதைப் பிராசசரின் தலைமுறைதான் முடிவு செய்கிறது. ஐ5-5300யூ என்றால் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண் 5, அதாவது ஐந்தாம் தலைமுறை. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. இன்டெல் கருவிகளில் விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்ற முடியும்தான். ஆனால் அப்படி ஏற்றியதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

விண்டோஸ் தேவைப்படும் டேலியில் கணக்கு எழுதுகிறவர் கூடக் கொஞ்சம் காசு போட்டு எட்டாம் தலைமுறைக் கருவியையே வாங்குவது மேல். விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த கருவிகளில் தொழிற்சாலை உரிமம் பலவற்றிலும் போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மீண்டும் போட்டால் இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயல்படும். பிரவுசர், கடிதம், படம், பாட்டு என்று இருப்பவருக்கு லினக்ஸ் மின்ட் என்ற ஓ.எஸ்.ஸின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் கேட்கும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

நிறுவும் முன் ஒரு செலவு இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட வேண்டும். வேகத்தில் இதைப்போல் வேறெதுவும் உதவாது. ரேம் கூட்டுவதானால் வகை பார்த்து வாங்க வேண்டும்: ஐந்தாம் தலைமுறையில் பெரும்பாலானவை 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும், 1.5 வோல்ட் டிடிஆர்3 சரிப்படாது.

வேறொரு கணினியில் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்க வேண்டும். ஏறக்குறைய 3 ஜிபி வரும். தளத்தில் தந்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போது டெல், லெனோவோவில் எஃப்12-ஐயும் ஹெச்பியில் எஃப்9-ஐயும் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்.

திரையில் மின்ட் வந்ததும் நிறுவும் பொத்தானை அழுத்த அவசரப்பட வேண்டாம். பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, கேமரா, எல்லா விசைகளும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் தொடக்கத்தில் அடம்பிடிக்கும். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தால், டிரைவர் மேனேஜர் தேவையானதை இறக்கிக்கொள்ளும். டிஸ்க்கே கண்ணில் படவில்லையா? பயாஸில் 'ரெய்டு' என்று இருப்பதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றிப் பார்க்க வேண்டும். டெல்லில் இது அடிக்கடி நடக்கும்.

பிறகு நிறுவியைத் திறந்து, மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் செய்து, டிஸ்க்கை முழுவதும் அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தால் மீதி தானாக நடக்கும். இடையில் நேர மண்டலம் கேட்கும். இந்தியாவுக்கு அங்கே இருக்கும் பெயர் கொல்கத்தாதான். மதுரையில் உட்கார்ந்து நிறுவுகிறவரும் இந்த ஊரைத்தான் சொடுக்க வேண்டும்!

எஸ்எஸ்டியிலிருந்து முதல் முறை தொடங்கியதும் தேதியைப் பாருங்கள். ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், அப்டேட்டும் நின்றுபோகும். கோளாறு ஓ.எஸ்.ஸில் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப நிறுவுகிறவர்கள் உண்டு. பேட்டரியை மாற்றிவிட்டு எல்லா அப்டேட்டுகளையும் போட்டு, டைம்ஷிஃப்ட் மென்பொருளில் சிஸ்டத்தின் நகல் ஒன்று எடுத்துவைக்க வேண்டும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 கிடைக்கும்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கில் முந்தைய உரிமையாளரின் கோப்புகள் மிச்சம் இருக்கலாம். வெறும் ஃபார்மட் அவற்றை அழிக்காது. என்வைப் போன்ற கருவியால் முழுவதும் மேலெழுதிவிட்டு, யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் போட்டது மின்ட் 22 வரிசை என்றால் அதற்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும்.