90 கோடி கடனில் அமிதாப் பச்சன் செய்தது என்ன?

2000-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி ராத்திரி, ஸ்டார் ப்ளஸ் சேனலில் ஒரு புது நிகழ்ச்சி ஆரம்பிச்சது. பேரு ‘கௌன் பனேகா குரோர்பதி’. ஜெயிக்கிறவருக்கு 1 கோடி ரூபாய். ஆனா அந்த ஸ்டுடியோவில் பணம் ரொம்ப அவசரமாத் தேவைப்பட்ட ஆள், கேள்வி கேட்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அப்போ அமிதாப் பச்சனுக்கு வயசு 57. தலைமேல இருந்த கடன், அவரே பேட்டிகளில் சொன்ன கணக்குப்படி, சுமார் 90 கோடி.

‘சன்ஜீர்’, ‘தீவார்’, ‘ஷோலே’ன்னு 70-களில் இந்தி சினிமாவையே தோளில் தூக்கினவர். அவருக்கு எப்படி இந்த நிலைமை? வருமானம் இல்லாமலா? இல்லை. நல்லா சம்பாதிச்சுட்டிருந்த ஒருத்தர், தனக்குத் தெரியாத தொழிலில், ஒரே நேரத்தில் எல்லாத்தையும் செய்யப் பார்த்தார். அவ்வளவுதான்.

1995-ல ஏபிசிஎல்-னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். படத் தயாரிப்பு, விநியோகம், டிவி, இசை, நிகழ்ச்சி நடத்துறது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அஜித்தும் விக்ரமும் சேர்ந்து நடிச்ச நம்ம ‘உல்லாசம்’ படம்கூட இந்தக் கம்பெனி தயாரிப்புதான். 1996-ல பெங்களூருவில் உலக அழகிப் போட்டியை நடத்தினாங்க. போராட்டம், எதிர்ப்புன்னு பெரிய பரபரப்பு. கடைசியில் கையைச் சுட்டுக்கிட்டதுதான் மிச்சம். அதே சமயம் சில வருஷ இடைவெளிக்கு அப்புறம் ஹீரோவா திரும்பி வந்த ‘மிருத்யுதாதா’ 1997-ல படுத்துடுச்சு. கம்பெனியும் விழுது, சொந்த மார்க்கெட்டும் விழுது. கடன் கொடுத்தவங்க வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டதை அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். ‘லிமிடெட்’ கம்பெனின்னா கடன் கம்பெனியோடது, நம்ம வீட்டைத் தொட முடியாதுன்னு நினைப்போம். பொதுவா சரிதான். ஆனா அந்தக் கடனுக்கு நீங்க தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தப் பாதுகாப்பு காலி. கம்பெனியே இல்லாத உங்களுக்கும் இது பொருந்தும். ஆபீஸ் நண்பர், “சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சி”ன்னு லோன் பேப்பரை நீட்டுவார். 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. அவர் கட்டலைன்னா உங்க சிபில் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் பிடிச்சது அவர் விழுந்தது இல்லை, எழுந்த விதமும் இல்லை. நடுவில் அவர் செய்யாத ஒண்ணுதான். போன பணத்தை ஒரே அடியில் மீட்கிறேன்னு இன்னொரு பெரிய சூதாட்டத்துக்குப் போகலை. தனக்கு என்ன தெரியும்னு யோசிச்சார். நடிப்பு. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த இயக்குநர் யஷ் சோப்ரா வீட்டுக்கு நடந்து போய், வேலை வேணும்னு கேட்டார். சூப்பர் ஸ்டாரா இருந்தவர் இப்படிப் போய்க் கேட்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. கிடைச்சது ‘மொஹப்பத்தேன்’. அதுவும் காதல் ஹீரோ வேஷம் இல்லை, கண்டிப்பான கல்லூரித் தலைவர் வேஷம். காதல் காட்சியெல்லாம் இளசுகளுக்கு. டிவியும் அப்படித்தான், பெரிய நடிகர் சின்னத்திரைக்கு வந்தா மார்க்கெட் போச்சுன்னு பேசின காலம் அது. ரெண்டையும் ஒத்துக்கிட்டார்.

நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? எஃப் அண்ட் ஓ-வில் 2 லட்சம் போச்சுன்னா, அதை எடுக்க 5 லட்சம் பர்சனல் லோன். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க: 2022 முதல் 2024 வரையான மூணு நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்குச் சுமார் 2 லட்சம். அந்த 5 லட்சத்தை 14 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு வாங்கினா, இஎம்ஐ சுமார் 11,630 ரூபாய். மொத்தம் கட்டுறது ஏறக்குறைய 6.98 லட்சம். போன 2 லட்சத்துக்காக வட்டியா மட்டும் இன்னொரு 2 லட்சம்! அதே நேரத்தை நீங்க செய்யுற வேலையில் ஒரு படி மேல போறதுக்குச் செலவு பண்ணியிருந்தா, மாசம் 5,000 ரூபாய் கூடினாலும் வருஷத்துக்கு 60,000. மெதுவாத்தான் வரும், ஆனா வரும்.

இன்னொண்ணு, அவர் கடன்காரங்களைப் பார்த்து ஒளியலை. தூர்தர்ஷனுக்கு அசலைக் கட்டிட்டு, வட்டிக்குப் பதிலா விளம்பரங்களில் நடிச்சுக் கொடுத்ததா சொல்லியிருக்கார். நமக்கு அந்த வசதி இல்லைதான் (வங்கி மேனேஜர் நம்மளை விளம்பரத்தில் நடிக்கவா கூப்பிடப் போறார்?). ஆனா வேலை போச்சு, ரெண்டு மாசம் இஎம்ஐ கஷ்டம்னா, முதல் தவணை தவறுறதுக்கு முன்னாடியே வங்கிக்குப் போங்க. காலத்தை நீட்டிக் கொடுக்க முடியுமான்னு கேளுங்க. கலெக்‌ஷன் ஏஜென்ட் போனில் “பாதி கட்டுங்க சார், முடிச்சுக்கலாம்”னு சொல்றதை நம்பி உடனே தலையாட்டாதீங்க. அப்படி முடிச்சா உங்க சிபில் ரிப்போர்ட்டில் ‘க்ளோஸ்டு’ன்னு வராது, ‘செட்டில்டு’ன்னு வரும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் நிக்கும்போது அந்த ஒரு வார்த்தை கதவைச் சாத்திடும்.

மீதிக் கதை உங்களுக்கே தெரியும். அதே கம்பெனி ஏபி கார்ப்னு பேரை மாத்திக்கிட்டு, 2009-ல ‘பா’ படத்தைத் தயாரிச்சது. இளையராஜா இசை, பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. அமிதாப்புக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. 2024 அக்டோபர் 10-ஆம் தேதி, 82-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், ரஜினியோட ‘வேட்டையன்’ வந்தது. தமிழில் அவருக்கு அதுதான் முதல் படம்.