கதைப் புத்தகமும் பாடப் புத்தகமும்



கதை படிக்கும் பழக்கம் மாணவரைக் கெடுக்குமா, வளர்க்குமா என்பது பழைய கேள்வி. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. தமிழ் நாவலுக்கு அன்று தொடங்கிய வயதே இக்கேள்விக்கும் இருக்கும் என்று எண்ணுகிறேன். என் வீட்டுத் திண்ணையிலும் ஒருநாள் அது எழுந்தது.

என் தந்தையார் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே. முதற்பருவத் தேர்வில் எனக்கு ஒரு தாள் தவறிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய இரவுகளில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் படித்து முடித்திருந்தேன். தந்தையாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எனக்கு எழுத்துத் தெரியாது பாப்பா. எது பாடப் புஸ்தகம், எது கதைப் புஸ்தகம்னு நான் எங்க கண்டேன்? ராத்திரி லைட்டப் போட்டு ஒக்காந்திருந்தா, புள்ள படிக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

அச்சொற்கள் என்னைச் சுட்டன. அடுத்த பருவத்தில் அத்தாளை எழுதித் தேறும்வரை கதைப் புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஒன்றை உணர்ந்தேன். ஓரிடத்தில் அமர்ந்து, புரியாத பக்கத்தையும் விடாமல் படிக்கும் பொறுமையை எனக்குப் பழக்கியது அந்தக் கதைதான்! ஆகவே மீண்டும் படிக்கத் தொடங்கினேன். அவ்வாறு நான் அறிந்த நூல்களை வகை பிரித்து இங்கே கூறுகிறேன். அவரவர் சுவைக்கேற்றதைத் தேர்ந்துகொள்க.

சரித்திரக் கதைகள்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியதே 'பொன்னியின் செல்வன்'. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைப் பார்த்த பலர் மூலக்கதையைத் தேடினர். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இந்நாவலைக் காசின்றிப் படிக்கலாம். அண்மைக் காலத்தில் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'. ஆனந்த விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் வந்து 2018-இல் நிறைவுற்றது. பறம்பு மலையின் பாரியையும், அவனைச் சூழ்ந்த மூவேந்தர் படையையும் அது சொல்கிறது. கல்கி அரண்மனையைக் காட்டினார். இந்நூல் காட்டையும் மலையையும் காட்டுகிறது. அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் பிறந்த நமக்குக் குறுநில மன்னன் ஒருவனின் கதை அந்நியமாகத் தோன்றாது.

துப்பறியும் கதைகள்

பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களை இகழ்பவர் உண்டு. கணேஷ்–வசந்த் சுஜாதாவின் படைப்பு. விவேக்–ரூபலா ராஜேஷ்குமாரின் படைப்பு. பரத்–சுசீலா பட்டுக்கோட்டை பிரபாகரின் படைப்பு. நரேந்திரன்–வைஜயந்தி சுபாவின் படைப்பு. எத்தனையோ பேர் இவர்களோடு துப்பறிந்தே வாசகர் ஆயினர். ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500-க்கும் மேல். இத்தகைய கதைகளைத் திரட்டிச் சென்னைப் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. விரைவில் எழுதப்படுவதால் சில கதைகளில் முடிச்சு அவிழும் இடம் தளர்ந்துவிடுவது உண்மையே. புதிதாகத் தொடங்குவோர் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படிக்கலாம். பேய் என்பதா, விஞ்ஞானம் என்பதா என்று இறுதிவரை தடுமாற வைக்கும்.

அறிவியல் கதைகள்

அறிவியல் மாணவர்களாகிய நாம் முதலில் நாட வேண்டிய வகை இது. பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா 1980-களில் எழுதிய 'என் இனிய இயந்திரா', 2021-ஆம் ஆண்டில் நடப்பதாக அமைந்தது. அவ்வாண்டு வந்தும் போய்விட்டது. ஜீனோ என்னும் இயந்திர நாய் இன்னும் நம் தெருவுக்கு வரவில்லை; ஆனால் பேசும் இயந்திரம் வந்துவிட்டது! ஆசிரியரின் கணிப்பில் எது பலித்தது, எது பொய்த்தது என்று குறிப்பெடுத்தபடியே படித்தால் சுவை இரட்டிப்பாகும். இக்காலத்து நூல்களில் தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா'வும், ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைத் தொகுதியும் குறிப்பிடத்தக்கன.

மர்மக் கதைகள்

2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் இவ்வகையில் தனி இடம் பெற்றவர். அவருடைய 'விட்டு விடு கருப்பா' தொலைக்காட்சியில் 'மர்மதேசம் – விடாது கருப்பு' தொடராகவும் வந்தது. கிராம தெய்வத்தின் மீதுள்ள அச்சத்தையும் பகுத்தறிவையும் எதிரெதிரே நிறுத்தும் கதை. கோவில் திருவிழாக்களில் வளர்ந்த நம் ஊராருக்கு இதன் களத்தை விளக்க வேண்டியதில்லை.

வாழ்க்கைக் கதைகள்

இங்கே மூன்று நாவல்கள். சாகித்திய அகாதெமியின் 2020-ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்', தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் படித்த பெண்ணையும் அவளைச் சூழ்ந்து நிற்கும் பெற்றோரையும் பற்றியது. படித்து முடித்த இரவு நான் உறங்கவில்லை. கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' 2021-இல் யுவ புரஸ்கார் பெற்றது. கணினி நிறுவன ஊழியர்களின் வாழ்வைச் சொல்வது. அத்தகைய அலுவலகத்துக்குள் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்ல வீட்டில் எவரும் இல்லை, நாவல் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற சோ. தர்மனின் 'சூல்' நாவலிலோ ஒரு கண்மாயே கதைத் தலைவன் எனலாம்.

சிறுகதைகள்

நேரம் இல்லை என்போர்க்குச் சிறுகதையே ஏற்றது. ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்' (2023), லோகேஷ் ரகுராமனின் 'விஷ்ணு வந்தார்' (2024) ஆகிய இரண்டும் அந்தந்த ஆண்டின் யுவ புரஸ்கார் பெற்ற இளைஞர் படைப்புகள். கல்லூரிக்கு வரும் பேருந்தில் ஒரு கதையை முடித்துவிடலாம்.

படிக்கும் முறை

பட்டபின் நான் வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று. அன்றைய பாடம் முடிந்த பின்னரே கதை. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு புதிய நாவல் தொடங்குவதில்லை. ஐம்பது பக்கம் படித்தும் மனம் ஒட்டாத நூலை வெட்கப்படாமல் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவது.

சென்ற முறை தந்தையார் வந்தபோது 'சூல்' என் மடியில் இருந்தது. "இது எந்தப் புஸ்தகம்?" என்று கேட்டார். "கதைதான்பா, பாடம் முடிச்சிட்டேன்" என்றேன். "அப்ப எனக்கும் கொஞ்சம் படி" என்றார். கண்மாயைப் பற்றிய பக்கங்களை உரக்கப் படித்தேன். இடையிடையே, நம் ஏரியில் முன்பு எவ்வளவு தண்ணீர் நின்றது, மீன் பிடிக்க ஊரே திரண்டது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் இருபது ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து கேட்டிராத செய்திகள் அவை. மறுநாள் விடியற்காலைப் பேருந்துக்குப் புறப்படும்போது, "மீதிய அடுத்த மாசம் படிச்சுக் காட்டு" என்றார்.

ஆகவே நண்பர்களே, பாடத்தை முடித்துவிட்டுக் கதையைத் திறப்போம். நம் வீடுகளில் எழுத்தறியாதோர் இருப்பின், அவர்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்போம்!

— பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவி