வெட்டிய பூவும் தொட்டிச் செடியும் வாடாதிருக்க

கேமரன் மலையின் குளிரில் வளர்ந்த சாமந்தியும் ரோஜாவும், சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி கோப்பெங் வெயிலுக்கு வந்ததுமே தளரத் தொடங்கிவிடும். அதனால் வீட்டுக்கு வந்தவுடன் முதல் வேலை காம்பு நுனியை ஓர் அங்குலம் சாய்வாக வெட்டுவது. மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கி நீர்ப்பாதையை அடைத்துவிடும். கூரான கத்தியே நல்லது. நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் பாக்டீரியா பெருகும்.

குவளையில் ஊற்றும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி குளோராக்ஸ் வெளுப்பான் சேருங்கள். சீனி பூவுக்கு உணவு, குளோராக்ஸ் கிருமியைத் தடுக்கும். சீனியை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் விருந்து. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, காம்பை மறுபடி சிறிது வெட்டுங்கள்.

சாமி மேடையில் பழுத்த வாழைச்சீப்புக்குப் பக்கத்திலேயே ஆர்க்கிட் குவளையை வைக்கிறோம். பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும். தள்ளி வையுங்கள். மல்லிகைச் சரத்தை வாழையிலையில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாளும் மணக்கும். செம்பருத்திக்கு ஆயுள் ஒரு நாள்தான், அதற்கு மெனக்கெட வேண்டாம்.

தொட்டிச் செடிகள் இங்கே காய்வதைவிட மழைநீர் தேங்கி வேர் அழுகியே அதிகம் சாகின்றன. விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரமிருந்தால் ஊற்றாதீர்கள். அடித்தட்டில் நிற்கும் நீரை அவசியம் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரமே போதும். வீட்டில் கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.