மோசேக்கு ஓர் ஆரோன்

யாத்திராகமம் 4:10 முதல் 17 வரை வாசியுங்கள்.

வேங்கிக்காலில் நான் படித்த நாட்களில் வாத்தியார் போர்டில் கணக்குப் போடுவார். என் கண்ணு ஜன்னல் வழியா மலைமேல இருக்கும். "உனக்குப் படிப்பு ஏறாதுடா" என்றார்கள். நானும் நம்பிட்டேன்.

மோசேயும் தனக்குப் பேச வராது என்றான். கர்த்தர் அந்த நாவை அன்றைக்கே மாற்றினதாக வாசிக்கிறதில்லை. அழைப்பைத் திரும்ப வாங்கவுமில்லை. கூடநிற்க ஆரோனைத் தந்தார்.

என் ஆரோன் எங்க அம்மாதான். முன் பெஞ்சு கேட்டு வாத்தியாரிடம் கெஞ்சினாங்க. வீட்டில் பத்து நிமிஷம் படிப்பு, ஒரு குடம் தண்ணி, மறுபடி பத்து நிமிஷம். எட்டாவதில்தான் கணக்கில் முதல் தடவை பாஸானேன். அன்று வீட்டில் ஒரே ஸ்தோத்திரம்!

இது சோம்பலுமல்ல, பிசாசின் கட்டுமல்ல. 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி குறையாத பிள்ளைகளிடமும் இப்படிப்பட்ட தடுமாற்றம் உண்டென்று விரிவுரைகளில் சொன்னார். இன்று ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். அது அவிசுவாசமா? லூக்கா வைத்தியன்தானே (கொலோசெயர் 4:14).

நம் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு தம்பி பாயில் உட்காரவே மாட்டான். போன வாரம் வசன அட்டைகளை அவன் கையில் கொடுத்தோம். ஒவ்வொருத்தருக்கும் ஓடி ஓடிக் கொடுத்தான்; பிறகு தானாகவே வந்து உட்கார்ந்தான்.