ரத்ததானத் தொண்டும் சமூக ஊடகமும்: கல்லூரி மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பாதிக்குத் தேதி இருக்காது. சிலவற்றில் எந்த ஊர் மருத்துவமனை என்பதே இருக்காது. அதிலுள்ள எண்ணுக்கு அழைத்தால், "அது போன மாசமே முடிஞ்சிருச்சுப்பா, இன்னும் போன் வந்துக்கிட்டே இருக்கு" என்று சோர்ந்துபோன குரல் ஒன்று பதில் சொல்லும். என்.எஸ்.எஸ். மாணவனாக ரத்ததான வேண்டுகோள்களைக் கையாளும் வேலையில் இறங்கியபோது, நான் முதலில் சரிசெய்ய விரும்பியது இதைத்தான். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில படிகள்.

படி 1: இருக்கும் அமைப்பில் சேருங்கள்

தனியாக ஒரு பக்கம் தொடங்க அவசரப்பட வேண்டாம். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டமோ (என்.எஸ்.எஸ்.), இளையோர் செஞ்சிலுவைச் சங்கமோ, செஞ்சுருள் சங்கமோ ஏதேனும் ஒன்று இருக்கும். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். திட்ட அலுவலரின் கையெழுத்தோடு போனால் ரத்த வங்கியில் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

பதிவு போடத் தொடங்குமுன் ஒரு நாள் முழுக்க ரத்த வங்கியில் இருந்து பாருங்கள். படிவம் நிரப்புவது, விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பது, கொடுத்தவரைச் சற்று நேரம் உட்காரவைத்து பிஸ்கட்டும் ஜூஸும் தருவது என எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர் எழுதும் பதிவில்தான் வாசிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

படி 2: விதிகளை மனப்பாடம் செய்யுங்கள்

வயது 18 முதல் 65 வரை. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். பச்சை குத்தியவர்கள் 12 மாதம் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது.

இரண்டு பஸ் மாறி வந்த ஒருவரை எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவது கடினம். அதனால் ஒவ்வொரு அழைப்பிலும் இவற்றைச் சேர்த்துவிடுங்கள். நம் கல்லூரிப் பெண்கள் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திரும்ப நேர்கிறது. அவர்களிடம் இரும்புச்சத்து பற்றி மருத்துவரைப் பேசவைப்பதும் தொண்டுதான்.

இன்னொன்று. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, பணத்துக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. "தக்க சன்மானம் தரப்படும்" என்று வரும் செய்தியை எந்த நிலையிலும் பகிராதீர்கள்.

படி 3: கொடையாளர் பட்டியல்

பெயர், ரத்த வகை, எண், இருக்கும் பகுதி, கடைசியாகக் கொடுத்த தேதி. இவ்வளவு போதும். ஒவ்வொருவரிடமும் நேரில் அனுமதி கேட்டு வாங்குங்கள். இந்தப் பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. குறிப்பாக மாணவிகளின் எண்கள் பொதுவெளிக்குப் போனால் வரும் தொல்லையை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் பட்டியல் இருக்கட்டும். வேண்டுகோள் வந்தால் அவர்களே கொடையாளரை அழைத்து, அவர் சம்மதித்த பிறகே எண்ணைத் தரட்டும்.

படி 4: எதை எங்கே போடுவது

எல்லாரும் இடறும் இடம் இது. அவசர வேண்டுகோளுக்கு ஆயுள் சில மணி நேரம். ஆனால் ஃபேஸ்புக் பதிவாகவோ ஃபார்வேர்டு செய்தியாகவோ போனால் அது மாதக்கணக்கில் சுற்றும். நீங்கள் அழித்தாலும் அடுத்தவர் கைக்குப் போன பிரதி அப்படியே நிற்கும்.

அதனால் நான் பின்பற்றும் பழக்கம் இது: அவசரமானவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலும் மட்டும். இரண்டும் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். குழுவில் போட்டே ஆக வேண்டுமென்றால், செய்திகள் ஒரு நாளில் மறையும்படி அமைத்த தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸும் நிலையான பதிவுகளும் என்றும் மாறாத விஷயங்களுக்கு: யார் கொடுக்கலாம், கொடுத்தபின் என்ன செய்ய வேண்டும், ஊசி பயத்தை எப்படித் தாண்டுவது.

படி 5: வேண்டுகோளை எழுதுவது

செய்தி கைக்கு வந்ததும் பகிராதீர்கள். முதலில் உறவினரை அழையுங்கள். பிறகு மருத்துவமனையின் ரத்த வங்கியில் கேளுங்கள். அந்த வகைதான் தேவையா, இல்லை மாற்று ரத்தம் (வங்கி தரும் ரத்தத்துக்கு ஈடாகக் கொடுப்பது) கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். மாற்று ரத்தம் என்றால் பல இடங்களில் எந்த வகையானாலும் ஏற்பார்கள். ஓ நெகட்டிவ் தேடி ஊரெல்லாம் அலையும் குடும்பத்துக்கு இந்த ஒரு கேள்வியே பாதிச் சுமையை இறக்கிவிடும். அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் பக்கத்து ரத்த வங்கிகளின் இருப்பையும் பாருங்கள்.

அதன்பின் இப்படி எழுதலாம்:

"பி நெகட்டிவ், 2 யூனிட். அரசு மருத்துவமனை ரத்த வங்கி, மதுரை. மார்ச் 12 காலை 10 மணிக்குள். கொடுப்பவர் குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் கடந்திருக்க வேண்டும். எங்கள் பொறுப்பாளர் எண்: ... சரிபார்த்த நேரம்: மார்ச் 11 மாலை 6.15. மார்ச் 12 காலை 10 மணிக்குப் பின் பகிர வேண்டாம்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். 2021 மே மாதத்தில் கொரோனாவால் ஆக்சிஜன் படுக்கை தேடி நாடே தவித்தபோது, எப்போது சரிபார்த்தார்கள் என்ற குறிப்போடு தகவல் தந்த தன்னார்வலர்களே பெரிய உதவி செய்தார்கள். நேரம் குறிக்காத தகவல், மூச்சுக்குத் தவிப்பவரின் குடும்பத்தை இன்னும் அலைக்கழித்தது.

நோயாளியின் படம், பெயர், நோய் எதுவும் வேண்டாம். குழாய்கள் பொருத்திய குழந்தையின் படம் போட்டால் அதிகம் பேர் பகிர்வார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து ஒருநாள் அந்தப் படத்தைப் பார்க்கும். அது இல்லாமலே ஆட்கள் கிடைப்பார்கள்.

படி 6: முகாமுக்கு ஆள் சேர்ப்பது

ஒரே நாளில் பெருங்கூட்டம் சேர்த்துப் படம் போடும் ஆசை எல்லாக் கல்லூரிக்கும் உண்டு. ரத்தத்தை அப்படிச் சேமித்துவைக்க முடியாது. தட்டணுக்கள் ஐந்து நாளே தாங்கும். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள்வரை. ரத்த வங்கிக்கு எப்போது தட்டுப்பாடு என்று கேட்டு, அதற்கேற்பச் சிறு முகாம்களாகப் பிரித்து நடத்துவதே நல்லது. தேர்வு முடிந்து கல்லூரிகள் மூடும் கோடை விடுமுறையில் கொடையாளர்கள் குறைந்துவிடுவார்கள். விடுமுறையில் ஊரில் இருக்கும் நண்பர்களின் பட்டியலை மார்ச்சிலேயே தயார் செய்யுங்கள்.

விளம்பரத்துக்கு நடிகர் படமோ சினிமா வசனமோ தேவையில்லை. நம் வகுப்புத் தோழி முதல்முறை கொடுத்துவிட்டு, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லும் அரை நிமிட ரீல், பெரிய போஸ்டரைவிட ஆட்களைக் கூட்டிவரும். அவரிடம் அனுமதி கேட்டு எடுங்கள். முந்தின நாள் வகுப்பு வகுப்பாக நேரில் போய்ப் பேசுங்கள். நேரில் பார்த்த முகம் அழைத்தால் வருவார்கள்.

படி 7: முடிந்ததும் சொல்லுங்கள்

கொடையாளர் கிடைத்தவுடன் "கிடைத்துவிட்டது, நன்றி, இனிப் பகிர வேண்டாம்" என்று வேண்டுகோள் போன எல்லா இடத்திலும் போடுங்கள். கொடுத்தவருக்குத் தனியாக நன்றி அனுப்பி, அவர் அடுத்து எப்போது கொடுக்கலாம் என்ற தேதியையும் குறித்து அனுப்புங்கள். லைக்கும் ஃபாலோயர் எண்ணிக்கையும் ஏறுவது மகிழ்ச்சிதான். நான் கணக்கு வைப்பது, கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்பதை.

படி 8: அடுத்தவர் கையில் கொடுங்கள்

மூன்று ஆண்டில் நாம் போய்விடுவோம். பல கல்லூரிப் பக்கங்கள் கடவுச்சொல் தெரிந்த ஒரே மாணவர் வேலைக்குப் போனதும் நின்றுவிடுகின்றன. கணக்கைக் கல்லூரி அமைப்பின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரை அட்மின் ஆக்கி, ஒரு செமஸ்டர் கூடவே வைத்து வேண்டுகோள்களைச் சரிபார்க்கப் பழக்குங்கள். பட்டியலைத் திட்ட அலுவலர் முன்னிலையில் ஒப்படைத்துவிட்டு, உங்கள் கைப்பேசியில் உள்ள பிரதியை அழித்துவிடுங்கள்.